வேட்டை ஓய்ந்து வந்தவர்கள்

காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்த புதிதில் ஒரு நாள், காய்கறிக் கூடைக்காரியிடம் சீனியவரைக்காய் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சீனின்னா மளிகைக் கடையில கேளும்மா. அவரக்கா வேணும்னா என்னாண்ட கேளு. ரெண்டையும் சேத்துக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றாள்.

எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் கொத்தவரங்காய் என்று சொல்வதைத்தான் நான் கேட்டேன். அன்று ஒன்றும் வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

நான் பிறந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் தறிதான். ஆனால் பருத்தித் தறி. எங்கள் சனம்தான், பட்டு நெய்கிற குடும்பம், மாப்பிள்ளை பட்டுக் கடையில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி அறுபதுகளின் கடைசியில் என்னை இவ்வளவு தொலைவில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு ராத்திரி ரயிலில் உட்கார்ந்திருந்தால் தீர்ந்துவிடும் தூரம் என்றுதான் அப்போது நினைத்தேன். வந்த பிறகு, வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தூரம் குறுக்கே வந்து நின்றது. "அவிய வந்தாவளா?" என்று நான் கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தன் வாயில் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும், பேசினால்தானே சிரிப்பு என்று நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

வீட்டில் மூன்று பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா, அதாவது என் மாமனார், விடிந்ததிலிருந்து குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். மனிதர் கோபக்காரர் இல்லை. பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். "தார் சுத்தியாச்சாம்மா?" என்று காலையில் ஒரு தடவை கேட்பார். தார் என்பது குறுக்கு இழை சுற்றிய சிறு குச்சி. சாப்பிட்டு எழும்போது "போதும்மா" என்பார். என் கணவர் கடைக்காகப் புடவைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு பெங்களூர், ஹைதராபாத் என்று சுற்றுகிறவர். வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள் அதிகம். வரும்போது பழம் வாங்கி வருவார், ஊர்க் கதை சொல்வார், துணியை வெளுத்து மடித்துக் கொடுப்பதற்குள் மறுபடி கிளம்பிவிடுவார். குழந்தை இல்லை. முதல் இரண்டு வருஷம் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். கேட்காமல் இருந்தது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாகறல் பக்கத்தில் நிலபுலம் உள்ள ஒரு விவசாயி, தன் வீட்டுக் கல்யாணப் புடவைகளை மாமா கையால்தான் நெய்து வாங்குவார். மகள் கல்யாணத்துக்காகத் தறியில் ஓடிக்கொண்டிருந்த கூறைப் புடவையைப் பார்க்க ஒரு நாள் வந்திருந்தார். பெரிய மீசையும் முரட்டுக் கையும் கொண்டவர், அந்தக் கையால் சரிகையைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வேட்டையெல்லாம் போச்சுப்பா. முசலக்கூட தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. துப்பாக்கிய தொடச்சி மேல போட்டாச்சு. நாயிங்கதான் ரெண்டு இருக்குது. அதுங்கள இன்னா பண்றதுன்னு தெரியல."

"யாருக்குனா குடுத்துடறதுதானே," என்றார் மாமா.

"வயசான வேட்ட நாய எவன் வாங்குவான்? அதுங்கள ஓட்டறதுக்குன்னு தெக்க இருந்து ஒருத்தன் கூடவே வந்தான். அவன் பேச்சத்தான் கேட்டுக்கினு இருந்திச்சிங்க. வேல இல்லன்னு அவன் ஊருக்குப் போய்ட்டான். நாங்க கூப்டா காதுகூட ஆட்டாது."

"எந்த ஊரு நாயி?" என்று நான் கேட்டுவிட்டேன். மாமா தறியிலிருந்து திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த வெளி மனிதரிடம் நான் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சங்கரங்கோயில் பக்கம்னு சொன்னாம்மா. அங்க இருந்து லாரியில ஏத்தியாந்தோம்," என்றார்.

எங்கள் ஊரில் வேட்டை நாய்கள் உண்டு. கறுப்பு உடம்பில் கால்களும் புருவமும் மட்டும் செம்பழுப்பாக இருந்தால் அதைக் கன்னி என்போம். உடம்பு முழுவதும் சந்தன நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கென்றே வளர்ப்பார்கள். ஓடும்போது நான்கு காலும் தரையில் படாத மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு நாய்க்குச் சோளக் கஞ்சி ஊற்றுவது சின்ன வயதில் என் வேலை. அதையெல்லாம் நினைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தை மாதம் கல்யாணம். கணவர் ஊரில் இல்லை. மாமாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். சாப்பாடு ஆனதும் பெண்கள் எல்லோரும் மணப்பெண் இருந்த அறைக்குப் போனார்கள். குழந்தை இல்லாதவள் அங்கே போய் முன்னால் நிற்க வேண்டாம் என்று நானாகவே நினைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன். மாட்டுக் கொட்டகையின் கடைசியில், வைக்கோல் ஓரமாக அவை இரண்டும் சங்கிலியில் கிடந்தன.

ஆண் நாய் சிப்பிப்பாறை. ஒரு கண் வெளுத்துப்போயிருந்தது. விலாவில் காட்டுப்பன்றி கிழித்த தழும்பு நீளமாக ஓடியது. பெண் நாய் கன்னி. முகத்தில் கறுப்பு நரைக்கத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் எலும்பை எண்ணிவிடலாம். அந்த இனமே மெலிந்ததுதான். ஆனால் இது அந்த மெலிவு இல்லை. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் தூரத்தில் நின்று "தோ, தோ" என்று கூப்பிட்டார்கள். இரண்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

நான் கிட்டே போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "ஏலே, என்னலே இங்கன வந்து கிடக்க?"

ஆண் நாயின் காது அசைந்தது. தலையைத் தூக்கி, நல்ல கண் இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பியது. "ஏட்டி, நீயும் எந்திரி. என்னத்துக்கு இப்படி மெலிஞ்சு போயிட்டிய ரெண்டு பேரும்?" என்றேன். பெண் நாய் எழுந்து நின்றது. சங்கிலி எட்டுகிற வரைக்கும் வந்து, முகத்தை என் முழங்கையில் வைத்து அப்படியே அழுத்தியது. நான் பேசிக்கொண்டே போனேன். எங்கள் ஊர்க் கம்மாயைப் பற்றியும் கடலைக் காட்டைப் பற்றியும் என் தம்பியைப் பற்றியும் என்னென்னவோ சொன்னேன். வாயில் துருப்பிடித்துக் கிடந்த பேச்சு அது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கொட்டகை வாசலில் மாமாவும் மாகறல்காரரும் நின்றிருந்தார்கள்.

"மாமா, இதுகள நாம கூட்டிட்டுப் போவோம்," என்றேன்.

மாமா கிட்டே வந்து இரண்டையும் பார்த்தார். பிறகு, "பட்டு இருக்கிற வூடும்மா," என்றார். அது மறுப்பா கேள்வியா என்று தெரியாத குரல்.

"நான் பாத்துக்கிடுதேன்."

"ஒண்ணு கூட்டினு போனா போதாதா?"

மாகறல்காரர் குறுக்கே வந்தார். "ஒண்ண மட்டும் அவுத்தா இன்னொண்ணு சங்கிலிய அறுத்துக்கும்பா. ரெண்டும் சேந்தே இருந்துதுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார். "அதுங்களுக்கு வேல ஒண்ணும் இருக்காதும்மா உங்கூட்ல. தெரியும் இல்ல?"

"எனக்கும்தான் இல்ல," என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கல்யாணச் சந்தடி அடங்கியதும் மாகறல்காரரின் மாட்டு வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. நாய்கள் வண்டியில் ஏற மறுத்துவிட்டனவாம். வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, ஓரிக்கைப் பக்கமாகப் பாலாற்று மணலில் இறக்கி, நடத்தியே கூட்டி வந்திருந்தார் வண்டிக்காரர். வாசலில் வந்து நின்றதும் தெருவே வெளியே வந்து பார்த்தது. "இன்னாமா இது, கன்னுக்குட்டி மாறி இருக்குது," என்றார் எதிர்வீட்டு அக்கா.

அவை அதுவரை ஒரு வீட்டுக்குள் இருந்ததே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வழவழப்பாகத் தேய்ந்த சிமெண்டுத் தரையில் கால் வைக்கப் பயந்தன. ஆண் நாய் நடுவீட்டில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டது. சாக்குகளை வரிசையாக விரித்து அதன் மேலாகவே பின்கட்டு வரை நடத்திக்கொண்டு போனேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிக்குள் இன்னொரு நாயைப் பார்த்துப் பெண் நாய் உறுமியது. தறிச் சத்தம் கேட்டதும் இரண்டும் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டன. மாமா அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே தறியை நிறுத்தினார். "பழகட்டும்," என்று மட்டும் சொன்னார்.

சதையே இல்லாத உடம்பு ஆனதால் வெறுந்தரையில் படுத்தால் எலும்பு குத்தும். பழைய கோணிக்குள் தேங்காய் நாரை அடைத்துத் தைத்து மெத்தை மாதிரிப் போட்டுக் கொடுத்தேன். ஆண் நாய் தூங்கும்போது கண் பாதி திறந்தே இருக்கும். முதல் நாள் அது செத்துவிட்டது என்றே நினைத்து மூக்கின் அருகே கை வைத்துப் பார்த்தேன். அவற்றுக்குப் பெயர் உண்டா என்று மாகறல்காரரிடம் கேட்டதற்கு, "அவன் இன்னாவோ சொல்லிக் கூப்டுவான், எங்க வாயில நிக்கல," என்றிருந்தார். நானும் புதிதாக வைக்கவில்லை. "ஏலே" என்றால் அது வரும். "ஏட்டி" என்றால் இது வரும். அதுவே போதுமாக இருந்தது.

வைகாசியில் கருட சேவை. விடியும் முன்பே ஊர் முழுக்கக் கூட்டம். கோவில் பக்கம் அதிர்வேட்டு போட்டபோது தெரு நாய்கள் எல்லாம் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. என் நாய்கள் பயப்படவில்லை. வெடிச் சத்தம் கேட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாக எழுந்து, கதவைப் பார்த்து நின்றன. காது விறைத்து, தொடைச் சதை துடிக்க, என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தன. அவற்றுக்கு அந்தச் சத்தம் துப்பாக்கிச் சத்தம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். "ஒண்ணும் இல்லலே, சாமி போவுது, படு," என்றேன். அவை படுக்கவில்லை. அடுத்த வேட்டுக்காகக் காத்து, ஊர்வலம் போய் முடியும் வரையில் நின்றுகொண்டே இருந்தன. அப்புறம் மெத்தைக்குப் போனபோது இரண்டின் நடையிலும் ஒரு தளர்ச்சி இருந்தது. அன்று கருட சேவை பார்க்க நான் போகவில்லை.

அந்த வாரம் என் கணவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு நாய் என்றால் கொஞ்சம் பயம். திட்டவில்லை; திட்டுகிற ஆளே இல்லை அவர். சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கொழந்த இல்லன்னு நாய் வளத்துக்கினு இருக்கான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"உனக்குத் தப்பாத் தோணலையா?"

"அது உண்மைதான? தப்பா எப்படித் தோணும்?"

அவர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அடுத்த முறை பெங்களூரிலிருந்து வந்தபோது ஒரு டப்பாவில் ரொட்டித் துண்டுகள் கொண்டுவந்து, தானே போடப் பயந்து, என் கையில் கொடுத்தார்.

நாய்களைக் கொண்டுவந்தபோது மாமா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது அவை வெளியே வரக்கூடாது. புடவையின் நீளவாட்டு இழைகள்தாம் பாவு. ஆயிரக்கணக்கான பட்டிழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கோலில் சுருட்டி எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் செய்து முடிக்கிற வேலை. அந்த நேரத்தில் சைக்கிள்காரர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். நான் காலையில் கதவைச் சாத்தி, நாய்களைப் பின்கட்டில் வைத்துக்கொள்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. எதிர்வீட்டில் அரக்குச் சிவப்பில் பாவு நீட்டியிருந்தார்கள். பால்காரர் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியபோது கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. அதை நான் பார்ப்பதற்கு முன் அவை பார்த்துவிட்டன. பின்கட்டிலிருந்து வாசலுக்கு எப்படி வந்தன என்றே தெரியவில்லை. என் புடவையை ஏதோ உரசியது, அவ்வளவுதான்.

நான் வாசலுக்கு ஓடி வந்து கத்தினேன். "நில்லுலே! ஏட்டி, நில்லு!" எங்கள் ஊரில் ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் கூப்பிடுகிற குரல் அது. அந்தத் தெருவில் அந்தக் குரலை நான் எடுத்ததே கிடையாது.

பெண் நாய் மண்ணில் கால் சறுக்க, பாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. ஆண் நாய்க்கு அந்தப் பக்கம் கண் இல்லை. நீட்டியிருந்த பாவை அது பார்த்திருக்காது. பாவின் நடுவே பாய்ந்து, கால்களில் பட்டு சுற்றிக்கொள்ள, தள்ளாடி நின்றது. என்ன நடந்தது என்று புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தது. பூனை ஓட்டில் ஏறிப் போய்விட்டது.

வாசல்களில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். பட்டு வீட்டில் நாய் வைத்தால் இப்படித்தான், பிள்ளை இல்லாத வீட்டில் இதெல்லாம் நடக்கும், மாகறலுக்கே ஓட்டிவிடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர், அந்த அக்காவின் கணவர், அறுந்து தொங்கிய இழைகளைப் பார்த்தபடி நின்றார். நான் குனிந்து நாயின் கால்களிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். அது அசையாமல் நின்றுகொடுத்தது.

மாமா உள்ளேயிருந்து வந்தார். பாவைப் பார்த்தார். தெருவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் இழையை எடுத்து முடிச்சுப் போட்டார். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் மறுபக்கம் உட்கார்ந்தார். நாய்களை உள்ளே விட்டுத் தாழ் போட்டுவிட்டு நானும் வந்து உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது, யாரோ ஒரு பழைய ஜமுக்காளத்தைக் கொம்பில் கட்டி நிழல் போட்டார்கள். அறுந்த முனையைத் தேடி எடுத்து, விரல் நுனியில் முறுக்கி, அடுத்ததைத் தேட வேண்டும்.

பிறகு அக்கா தலை நிமிராமலே கேட்டார். "இன்னாமா கத்தின நீ? எங்கூட்டுக்காரரே அப்படியே நின்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாத. பட்டுல தண்ணி பட்டா கறையாயிடும்," என்றார். அந்த ஊரில் என்னிடம் ஒருவர் உரிமையாகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று எனக்குத் தோன்றியது.

பாவு சாயங்காலம்தான் சரியானது. நாய்களைத் திருப்பி அனுப்பச் சொல்வார் என்று நான் பயந்துகொண்டே மாமாவுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியவர், "கதவுக்கு உள்பக்கமா ஒரு கொக்கி போட்டுக்கலாம்மா," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அக்கா பேசுவார், ஆனால் அவருக்கு நான்கு பிள்ளைகளும் நிறைய வேலையும் இருந்தன. மற்றவர்கள் என் வாசலைச் சற்று ஒதுங்கியே கடந்தார்கள். சாயங்கால வேளையில் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேகவதிக் கரை வரைக்கும் நடப்பேன். தனியாகப் போகிற பெண்ணை யாரும் ஏதும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நாய்கள் வந்தால் யார் கேட்பார்கள்? நடக்கும்போது பேசிக்கொண்டே போவேன். அன்றைக்கு என்ன குழம்பு, கணவர் எந்த ஊரில் இருப்பார், மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது. திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். நாள் முழுவதற்கும் அந்த ஒரு நடைதான் எனக்கு இருந்தது. மார்கழியில் அவை குளிரில் நடுங்கின. மாமாவின் பழைய வேட்டியை மடித்துத் தைத்து முதுகில் கட்டிவிட்டேன். தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்து, "நாயி கோயிலுக்குப் போவுது," என்றார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஆண் நாய் போய்விட்டது. நோய் என்று எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. ஒரு மத்தியானம் மெத்தையில் படுத்திருந்தது. கண் எப்போதும் போலப் பாதி திறந்தே இருந்ததால் எனக்கு உடனே தெரியவில்லை. பெண் நாய் எழுந்து வந்து அதை முகர்ந்துவிட்டு, தன் இடத்துக்குப் போகாமல் வாசல் பக்கம் போய்ப் படுத்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. எதிர்வீட்டுக்காரர் யாரும் கூப்பிடாமலே கடப்பாரையோடு வந்தார். மாமாவும் அவரும் கோணியில் சுற்றி வேகவதிக் கரைக்குத் தூக்கிப்போனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஈர மண் ஆனதால் குழி சீக்கிரம் வெட்டி முடிந்துவிட்டது.

பெண் நாய் அதற்குப் பிறகு வீடு முழுவதும் தேடியது. தறிக்குழியில் எட்டிப் பார்க்கும், கிணற்றடிக்குப் போகும், கண்ணாடி முன்னால் போய் நிற்கும். கொண்டுவந்த நாளில் உறுமிய அதே கண்ணாடிதான். இப்போது வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கும். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

தையில் என் கணவர் வந்து, பெங்களூரில் கடைக்குக் கிளை திறக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளத் தன்னை நிரந்தரமாக அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். மாடியில் ஒரு அறையும் சமையலறையும் பார்த்திருந்தார்.

"நீயும் வந்துடு. அப்பாவ அக்கா வந்து பாத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க," என்றார். அவருடைய அக்கா வாலாஜாபாத்தில் இருந்தார்.

"இத என்ன செய்யது?" நான் நாயைப் பார்த்தேன்.

"மாடி வீடும்மா. வூட்டுக்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. மாகறலுக்கே அனுப்பிடலாமே."

"கொட்டகையிலயா? இப்ப அதுக்குத் துணையும் இல்ல."

"அப்ப?"

"இது போற வரைக்கும் நான் இங்கன இருக்கேன். அதுக்குப் பொறவு வாறேன்."

"நாய்க்காகவா?"

"ஆமா."

அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. தன்னோடு வராமல் இருக்க நான் ஒரு காரணம் தேடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மை உண்டா என்று எனக்கே தெரியாததால் நான் மறுத்துப் பேசவில்லை. அவர் தனியாகவே போனார். முன்பு மாதிரியே இடையில் வந்துபோனார். ஆனால் இப்போது அவர் ஊருக்கு வருகிறவர், நான் ஊரில் இருக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டதை எதிர்வீட்டு அக்காதான் சொன்னார்.

அந்த வருஷம் நானும் மாமாவும் நாயும்தான். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. நாய்க்குக் கால் மூட்டு வீங்கிவிட்டதால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அடுத்த வருஷம் மாசியில் ஒரு நாள் ஓரிக்கையில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக வேண்டியிருந்தது. வண்டி பிடித்தோம், நாயையும் ஏற்றிக்கொண்டேன். திரும்புகிற வழியில் ஆற்று மணலைக் கண்டதும் அது முனகியது. இறக்கிவிட்டேன். மணலில் கொஞ்ச தூரம் முகர்ந்துகொண்டே போனது. நாணல் புதரிலிருந்து ஒரு முயல் எழுந்தது.

நான் கூப்பிடவில்லை. அது ஓடியது. மூட்டு வீக்கமெல்லாம் எங்கே போனதோ, உடம்பு வில்லாக வளைந்து நிமிர, மணல் தெறிக்க ஓடியது. சின்ன வயதில் எங்கள் காட்டில் பார்த்த அதே ஓட்டம். மாமா வண்டியிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். "அடேயப்பா," என்றார்.

பாதி ஆறு போவதற்குள் முயல் தப்பிவிட்டது. நாய் நின்று, பின்னால் திரும்பி, பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தது. தன்னோடு ஓடி வந்து மறுபக்கம் மடக்க வேண்டிய துணையைத்தான் அது தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது. இரண்டும் சேர்ந்து வேட்டையாடிப் பழகியவை. நான் மணலில் நடந்து போய் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு இரைத்தது. வண்டி வரைக்கும் நாயால் நடந்து வர முடியவில்லை. மாமாவும் நானும் தூக்கி வந்தோம்.

அதற்கு அடுத்த மாதமே அதுவும் போனது. ஆண் நாய்க்குப் பக்கத்திலேயே குழி தோண்டினார்கள். வீட்டுக்கு வந்து தரையைக் கழுவி, நார் மெத்தைகளை வெளியே போட்டேன். மாமா தறியில் கால் வைத்து உட்கார்ந்தவர், நெய்யாமல், குறுக்கு இழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போம்மா அவன்கிட்ட," என்றார். "சின்ன வயசு. எனக்கு என் பொண்ணு வந்துக்கினு போயிக்கினு இருப்பா." பிறகு, "நீ பேசிக்கினே நடப்பியே, அது நல்லா இருக்கும்," என்றார். அவ்வளவு நாளும் நான் சாயங்காலம் வாசலைத் தாண்டும்போதே பேச ஆரம்பிப்பதையும், திரும்பி வரும்போது வாசலுக்கு வெளியே பேச்சை முடிப்பதையும் அவர் தறியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பெங்களூருக்குப் போனேன். கணவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அங்கே கன்னடம், மறுபடி வாயடைத்துப்போய் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு மகள் பிறந்தாள், எதிர்பார்ப்பு எல்லாம் போன பிறகு. அவளோடு பேசிப் பேசித்தான் அந்த வீடு எனக்கு வீடானது. அவளுக்கு அப்பாவைப் போலவே நாய் என்றால் பயம். தெருவில் குட்டி நாயைக் கண்டாலும் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.